சொல்லுக்குள் ஒரு சிலுவை

நடுராத்திரியில் பல்வலி வந்தால் நாம் 'உயிர் போகிறது' என்போம். ஆங்கிலத்தில் அந்த வலிக்கு 'எக்ஸ்க்ரூசியேட்டிங்' என்று ஓர் அடைமொழி உண்டு. வலி மட்டுமா, முடிவேனா என்று இழுக்கும் மேடைப்பேச்சும், சபையில் நெளியவைக்கும் சங்கடமும்கூட அவர்களுக்கு எக்ஸ்க்ரூசியேட்டிங்தான். சொல்லைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஒரு மரம் நிற்கிறது.

லத்தீனில் 'குருக்ஸ்' என்றால் சிலுவை. அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லுக்கு வதைப்பது என்று பொருள். முன்னால் 'எக்ஸ்' சேர்ந்ததும் அது சித்திரவதை ஆகிவிடுகிறது.

ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சி கி.மு. 71-இல் ஒடுக்கப்பட்டது. பிடிபட்டவர்களில் சுமார் 6,000 பேரை, காப்புவா நகரிலிருந்து ரோம் வரை சாலையோரமாகச் சிலுவையில் ஏற்றினார் தளபதி கிராஸஸ். கொல்வதற்கு ஒரு வாள்வீச்சு போதுமே! சிலுவையில் உயிர் பிரிய நாள்கணக்கில்கூட ஆகும். போவோர் வருவோர் அதைப் பார்க்க வேண்டும், அதுதான் கணக்கு.

1968-இல் எருசலேமின் வடபுறத்தில் ஒரு பழைய கல்லறை அகப்பட்டது. அங்கிருந்த கல்பெட்டியில், கி.பி. முதல் நூற்றாண்டு மனிதர் ஒருவரின் குதிகால் எலும்பு. அதைப் பக்கவாட்டில் துளைத்து நின்றது, சுமார் 11.5 செ.மீ. நீள இரும்பு ஆணி. அதன் நுனி வளைந்திருந்தது. பிடுங்க வராமல், ஆணியோடே அடக்கம் செய்திருக்கிறார்கள் போலும்.

ஆனால் சிலுவைகள் நின்ற காலத்திலேயே சொல் மனத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. ரோமானியக் கவி கட்டுல்லஸ், காதலும் வெறுப்பும் ஒருசேரத் தன்னைப் படுத்தும் பாட்டை இரண்டே வரியில் எழுதினார். கவிதையின் கடைசிச் சொல் இந்த வினைதான். அங்கே ஆணியும் இல்லை, மரமும் இல்லை.

ஆங்கிலத்துக்கு இது 16-ஆம் நூற்றாண்டுவாக்கில் வந்தது. 'முக்கியமான' என்ற பொருளில் இன்று எல்லோரும் சொல்லும் 'குரூஷியல்' இதற்குப் பங்காளி. அதற்கு வித்திட்டவர் பிரான்சிஸ் பேக்கன். 1620-இல் வெளியான தன் நூலில், இரு விளக்கங்களில் எது சரி என்று காட்டும் சான்றை அவர் சிலுவை வடிவ வழிகாட்டிக் கம்பத்துக்கு ஒப்பிட்டார்.

தமிழில் வழங்கும் 'சிலுவை' சிரியாக் மொழி தந்தது. 'குருசு' போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது, அதன் தாய் லத்தீன் குருக்ஸ். தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தின் பெயரில் முன்பாதியும் அதுவேதான்.