மாளா யூத மையவாடி: ஒப்பந்தம் இருந்தும் அழிந்த கதை

கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே பிரித்தானியப் படையினரின் பழைய மயானம் ஒன்று உண்டு. 1824இல் மரணித்த ஜோன் டொயிலியும் அங்கேதான் அடக்கப்பட்டார். அவர்களுடைய சமூகம் என்றோ ஊரைவிட்டுப் போய்விட்டது. ஆனாலும் கல்லறைகள் துப்புரவாக நிற்கின்றன. யார், எப்போது, எதனால் இறந்தார் என்று சொல்லப் பதிவேடும், பராமரிக்க ஆளும் இருப்பதுதான் காரணம். எல்லா மயானங்களுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. கேரளத்து மாளா யூத மையவாடிக்கு நடந்தது வேறு.

திருச்சூர் மாவட்டத்தில், கொடுங்கல்லூருக்குப் பக்கத்திலுள்ள சிறு பட்டணம் மாளா. மலபார் யூதர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். ஜெப ஆலயமும், ஏறத்தாழ 4 ஏக்கரில் மையவாடியும் அவர்களுக்கு இருந்தன. அவர்களை யாரும் துரத்தவில்லை. 1948இல் இஸ்ரேல் உருவான பின், 1955இல் தாமாகவே புறப்பட்டுப் போனார்கள். போகுமுன் ஜெப ஆலயத்தையும் மையவாடியையும் மாளா பஞ்சாயத்திடம் எழுத்து மூலம் ஒப்படைத்தார்கள். இரண்டையும் பாதுகாக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

காகிதம் இருந்தது, கேட்க ஆளில்லை. காலப்போக்கில் மையவாடிக் காணியின் பெரும்பகுதி விளையாட்டுத் திடலுக்கென்று போய்விட்டது. உள்ளூர் மரபுரிமை ஆர்வலர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அவர்கள் யூதர்கள் அல்ல, அயலவர்கள். இன்று கண்ணுக்குத் தெரிவது மூன்று கல்லறைகள்தான்.

யூதருடைய கபுறு பற்றி நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து போனபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். காரணம் கேட்டவர்களிடம், அதுவும் ஓர் ஆத்மாதானே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. ஜெரூசலத்தின் பழைமையான மாமில்லா முஸ்லிம் மையவாடியின் ஒரு பகுதியில் 'சகிப்புத்தன்மை அருங்காட்சியகம்' கட்ட 2008இல் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது நாம் கொதித்தோம். நியாயமான கோபம்தான். அந்த நியாயம் மாளாவுக்கும் பொருந்தும்.

நம்மவர்களுக்கும் இது தூரத்துக் கதையல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள், வீடுவாசலோடு தங்கள் உம்மா வாப்பாவின் கபுறுகளையும் விட்டுவிட்டே வந்தார்கள். ஆட்கள் போனபின் மையவாடிக்குக் காவல் அயலவரின் மனச்சாட்சிதான்.

அதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது என்பதையும் மாளா காட்டுகிறது. காணி உறுதி, நில அளவைப் படம், அடக்கப் பதிவேடு மூன்றையும் ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். மீஸான் கட்டை உக்கிப்போகும், பதிவேடு நிற்கும். நம் ஊரில் பிற சமயத்தவரின் கேட்பாரற்ற மயானம் ஏதும் கிடந்தால், அதன் எல்லையையும் நாம் அறிந்து வைப்போம். நாளைக்கு எங்கட மையவாடிக்குச் சாட்சி சொல்ல வரவேண்டியவரும் ஓர் அயலவர்தானே.