அத்திப் பூவும் அத்தனை புழுவும்

காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2019இல் அத்திவரதரைச் சேவிக்க ஒன்பது மணி நேரம் வரிசையில் நின்றவராம். "வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை குளத்தை விட்டு வெளியே வருகிறார். அத்திப் பூ எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வரும்? எங்கள் கொல்லையில் மரம் இருக்கிறது. நான் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருஷமாகிறது, ஒரு பூவைக்கூடக் கண்டதில்லை" என்று கேட்கிறார். கைப்பேசியில் சுற்றிவந்த 'அபூர்வ அத்திப்பூ' படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். தாமரைபோல அடுக்கிதழ் உள்ள ஏதோ ஒரு பூ அது. அத்திக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அம்மா, உங்கள் கொல்லையில் வருஷத்துக்குப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் லட்சக்கணக்கில் அத்தி பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. காலையில் நீங்கள் பெருக்கித் தள்ளுகிறீர்களே, அந்தக் காய்களுக்குள்ளே.

என் அத்தை இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருக்கும். பிரித்து விரித்தால் வட்டத் துணி, அதன் மேல் வெற்றிலை, களிப்பாக்கு, சில்லறை, திருநீற்றுப் பொட்டலம். கயிற்றை இழுத்தால் எல்லாம் உள்ளே போய்விடும், வெளியே தெரிவது துணியின் முதுகு மட்டும். ஒரு சூரியகாந்தியின் வட்டத்தை இப்படிச் சுருக்குப்பையாக இழுத்துக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அத்தி. அடிமரத்திலும் பெருங்கிளையிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த உருண்டையின் உட்சுவர் முழுக்க ஆயிரக்கணக்கான பொடிப் பூக்கள். ஆல், அரசு, இத்தி எல்லாமே இந்தக் குடும்பந்தான். எல்லாவற்றுக்கும் இதே உள்முகப் பூ.

அத்தியைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சு உண்டு. எப்போதாவது வருகிறவரைப் பார்த்து 'அத்தி பூத்தாற்போல' என்போம். வெளியே பளபளப்பும் உள்ளே அழுக்குமாக இருப்பவரைச் சொல்ல, 'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்போம். ஒன்றில் ஏக்கம், இன்னொன்றில் அருவருப்பு. பூவைக் காணோம் என்பதும் புழுவைக் கண்டோம் என்பதும் ஒரே கதை என்று எனக்குப் புரியவே நாற்பது வயதாயிற்று.

பூட்டிய வீட்டுக்குள் பூ இருந்தால் மகரந்தம் எப்படிப் போகும்? காற்று போகாது, தேனீயும் போகாது. அதற்கென்றே ஒரு குளவி இருக்கிறது. குளவி என்றதும் பயப்பட வேண்டாம். எள்ளைவிடச் சிறியது, நம்மைக் கொட்டாது. அத்திக்கு ஒன்று, ஆலுக்கு வேறு, அரசுக்கு வேறு என்று பெரும்பாலும் மரத்துக்கு மரம் தனித்தனி இனம்.

பிஞ்சு பக்குவமானதும் ஒரு வாசனையை விடுகிறது. நம் மூக்குக்கு எட்டாத அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு பெண் குளவி வருகிறது. பிஞ்சின் நுனியில் ஒரு துளை உண்டு, சுருக்குப்பையின் வாய் முழுசாக மூடாமல் நிற்குமே, அதுபோல. ஆனால் அந்த வாயில் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடைத்துக்கொண்டிருக்கும். குளவி தலையைக் கொடுத்து நெருக்கி நெருக்கி நுழைகிறது. தீபாவளிக்கு முந்தின இரவு பேருந்தில் ஜன்னல் வழியாக ஏறி, இரண்டு பொத்தானையும் ஒரு செருப்பையும் வெளியே விட்டவன் நான். குளவிக்குப் போவது சிறகு. உணர்கொம்பின் நுனியும் ஒடிந்துவிடும். இனி வெளியே வர முடியாது, வரவும் போவதில்லை.

நான் சொக்கிப்போகிற இடம் இதற்கு அடுத்தது. அத்திக்குள் நுழையும் குளவியின் மார்பில் இரண்டு சின்னப் பைகள் இருக்கின்றன. பிறந்த அத்தியிலிருந்து கிளம்பும்போது மகரந்தத்தை அவற்றில் நிரப்பிக்கொண்டு வருகிறது. ஏதோ மேலே ஒட்டிக்கொண்டு வந்த தூள் இல்லை. அள்ளிக் கட்டி எடுத்துவந்த சீர். உள்ளே இருட்டில் ஒவ்வொரு பூவாக ஊர்ந்து, முன்னங்காலால் பையிலிருந்து எடுத்துப் பூவின் முடியில் வைக்கிறது. கூடவே முட்டையும் இடுகிறது. முட்டை விழுந்த பூ குளவிக் குஞ்சுக்குத் தொட்டில், விழாத பூ விதை. மரம் தன் பூக்களில் ஒரு பங்கை வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. தாய்க் குளவி அங்கேயே செத்துப்போகும்.

சில வாரம் கழித்து முதலில் ஆண்கள் பிறக்கின்றன. சிறகில்லை, கண்ணும் சரியாகத் தெரியாது. இன்னும் தொட்டிலுக்குள் இருக்கும் பெண்களோடு அங்கேயே கூடுகின்றன. பிறகு எல்லாம் சேர்ந்து சுவரைக் கடித்துச் சுரங்கம் வெட்டுகின்றன. வெட்டி முடித்ததும் அவற்றின் வேலை முடிந்தது, பெரும்பாலானவை வெளிச்சத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்குள் ஆண் பூக்கள் மலர்ந்திருக்கும். பெண் குளவிகள் பையை நிரப்பிக்கொண்டு அந்தச் சுரங்கத்தில் வெளியேறுகின்றன. அதன் பிறகுதான் அத்தி பருத்து, சிவந்து, கனிகிறது. நாம் பிட்டுப் பார்த்துச் சீ என்று எறிகிறோமே, அந்தப் 'புழு'க்களில் பல, சுரங்கம் வெட்டிய கூலிகள். (அப்படியானால் அத்தி அசைவமா என்று என் வீட்டிலேயே ஒரு பஞ்சாயத்து நடந்தது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.)

இதைப் படித்தவர்களே நம்பாத காலம் இருந்தது. கலிபோர்னியாவில் 1880களில் ஸ்மிர்னா என்ற சீமை அத்தி வகையைத் துருக்கியிலிருந்து கொண்டுபோய் நட்டார்கள். மரம் தழைத்தது, பிஞ்சும் விட்டது, ஆனால் அத்தனையும் உதிர்ந்தது. துருக்கிக் குடியானவர்கள் காட்டு அத்திக் காய்களைக் கோத்துத் தோட்டத்து மரங்களில் தொங்கவிடுவார்கள். அதைப் பட்டிக்காட்டு மூடநம்பிக்கை என்று அமெரிக்கர்கள் சிரித்தார்கள். தொங்கவிட்ட காய்களுக்குள் இருந்தது சீமை அத்திக்கான குளவிதான். கடைசியில் வால்டர் ஸ்விங்கிள் என்ற தாவரவியலாளர் அல்ஜீரியாவிலிருந்து குளவியோடு காட்டு அத்திகளை அனுப்ப, 1899இல் பிரஸ்னோவில் ரோடிங் என்பவரின் தோட்டத்தில் அது குடியேறியது. அதற்குப் பிறகுதான் அங்கே ஸ்மிர்னா அத்தி காய்த்தது.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன்.

ஒரு மரத்தின் அத்திகள் பெரும்பாலும் ஒரே சமயத்தில் ஒரே பருவத்தில் இருக்கும். ஆகவே வெளியே வரும் குளவிக்குப் பிறந்த மரத்தில் பிஞ்சு இருக்காது. ஓரிரு நாள்தான் ஆயுள், அதற்குள் பிஞ்சு விட்டிருக்கும் இன்னொரு மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காற்று கைகொடுத்தால் வெகுதூரம் போகும். நமீபியப் பாலைவனத்தில் 160 கிலோமீட்டர் வரைக்கும் போனதை மரபணுவை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். போகலாம், ஆனால் போன இடத்தில் மரம் இருக்க வேண்டுமே. போர்னியோவில் 1998இல் கடும் வறட்சி வந்தபோது, சில அத்தி வகைகளில் பிஞ்சு விடாமல் போனதால் அவற்றின் குளவிகள் அந்தப் பகுதியிலேயே இல்லாமல் போயின.

குளவிக்காக வருஷம் முழுக்க எங்காவது ஒரு மரம் காய்த்தாக வேண்டும் என்பதால்தான், வேறு பழம் இல்லாத நாளிலும் குக்குறுவானுக்கும் பச்சைப்புறாவுக்கும் அணிலுக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும், மலைக்காட்டில் இருவாச்சிக்கும் இரை கிடைக்கிறது. அத்தி ஒற்றை மரமாக நின்று இதைச் செய்ய முடியாது. ஊருக்கு ஒன்றாய், வாய்க்காலுக்கு ஒன்றாய், முறை வைத்துக் காய்க்கிற ஒரு கூட்டம் வேண்டும்.

நாமோ மரத்தைத் தலை எண்ணுகிறோம். சாலைக்காக ஒன்றை வெட்டினால் பத்து நடுகிறோம் என்கிறார்கள். நடுவது பெரும்பாலும் சீக்கிரம் நிழல் தருகிற, குப்பை போடாத மரம். அத்தி குப்பை போடும், ஈ மொய்க்கும், வேர் ஈரத்தைத் தேடிப்போகும். மனைப்பிரிவில் எவரும் விரும்புவதில்லை. தப்பித்து நிற்கிற ஒன்றிரண்டுக்கும் தண்டு வரைக்கும் சிமெண்டு பூசி, ஆணியடித்துப் பல்வலி வைத்தியர் தகரத்தை மாட்டுகிறோம். எங்கள் தெருக் கோவிலில் அரசுக்கு மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டி, மஞ்சள் கயிறு சுற்றியிருக்கிறார்கள். வேருக்குத் தண்ணீர் போக ஒரு சாண் மண் விடவில்லை. நான் கேட்டபோது, "சாமி மரம் சார், அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்கள்.

எங்கள் ஊரில் மாடு கன்று போட்டால் இளங்கொடியை வைக்கோலில் கட்டிக்கொண்டுபோய்ப் பால் வடியும் மரத்தில் தொங்கவிடுவார்கள், பெரும்பாலும் ஆலில், ஆல் இல்லாத இடத்தில் அத்தியில். மரத்தின் பால் மாட்டுக்கு இறங்கும் என்று நம்பிக்கை. இறங்குமோ என்னவோ, அதற்காகவாவது ஊருக்குள் பால் மரம் ஒன்றிரண்டை வெட்டாமல் வைத்திருந்தார்கள். பாக்கெட் பால் வந்த பிறகு வாய்க்கால் கரை அத்தியைக் கேட்பாரில்லை. போன வருஷம் அதுவும் போயிற்று.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு: நெல்லிக்காய் அளவில் இன்னும் பச்சையாக இருக்கும் ஒரு காயைப் பறித்துக் கத்தியால் நெடுக்காக வெட்டுங்கள். பேரப்பிள்ளையின் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. இருபத்தாறு வருஷமாகத் தேடிய பூ அங்கே இருக்கும். முற்றி, சிவக்கப்போகிற காயானால் வேறொன்றும் கிடைக்கலாம். நேற்று பக்கத்து வீட்டுப் பையனோடு நான் ஒன்றைப் பிட்டபோது, ஒரு பெண் குளவி அவன் கட்டைவிரலில் ஏறி, சிறகை இரண்டு தரம் உதறிக்கொண்டு மேற்கே பறந்தது. "எங்க போகுது?" என்றான். மேற்கே எனக்குத் தெரிந்த அடுத்த அத்தி, அந்த வாய்க்கால் கரையில் இருந்தது.