சக ஊழியரின் தொல்லை: சட்டம் எங்கே கைகொடுக்கும்?

வேலையிடத்துத் தொல்லை அத்தனைக்கும் ஒரே சட்டம் என்று இந்தியாவில் எதுவும் இல்லை. மேலதிகாரியிடம் கோள் மூட்டுவது, மொட்டைக் கடிதாசி போடுவது, அடுத்தவர் செய்த வேலையைத் தன் பேரில் காட்டிக்கொள்வது, தகவலை மறைத்து வைத்துப் பழியைத் தள்ளிவிடுவது ஆகியவை மனத்தை அரிப்பவைதான். ஆனால் இவற்றை மட்டும் வைத்து வழக்குப் போடுவது கடினம். வேலையுலகில் வன்முறையையும் தொல்லையையும் ஒழிக்கச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்கவில்லை. தொல்லை பாலியல் சீண்டலாகவோ, சாதி இழிவாகவோ, மிரட்டலாகவோ, காரணமற்ற வேலைநீக்கமாகவோ மாறும்போதுதான் சட்டம் தலையிடுகிறது. எந்த வடிவத்தில் வந்தது என்பதைப் பொறுத்து மனு கொடுக்க வேண்டிய இடமும் மாறும்.

ராமேசுவரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையிலுள்ள அக்காள்மடம் போன்ற ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கடை, விடுதி, மீன் கம்பெனி என்று சில பேர் மட்டும் வேலை பார்க்கும் இடங்களில் கூட நிற்பவர் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். சில நேரம் சொந்தக்காரராகவும் இருப்பார். முறையிட நினைத்தால் முதலாளியைத் தவிர ஆள் இல்லை. அந்த முதலாளியே தொல்லை தருபவராக இருந்தால் அந்த வழியும் இல்லை.

இந்த நிலைமையை முன்கூட்டியே எண்ணி எழுதப்பட்டது, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதன் வேர் ராஜஸ்தானில் இருக்கிறது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டி எழுந்த விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து அவை சட்டமாயின. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள் குழு கட்டாயம். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். 10 பேருக்குக் குறைவான இடத்தில் வேலை பார்ப்பவரும், முதலாளி மீதே புகார் உள்ளவரும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். வீட்டு வேலை செய்பவருக்கும் இதே உரிமை உண்டு. புகார் கொடுக்கப் பாலம் தாண்டி மாவட்டத் தலைநகரான ராமநாதபுரம் வரை அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் தாலுகாவிலும் புகாரை வாங்க ஒரு பொறுப்பு அலுவலர் நியமிக்கப்பட வேண்டும் என்றும், அவர் 7 நாளில் அதைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எழுதத் தெரியாதவர் புகாரை எழுத்தில் கொடுக்கக் குழுவே உதவ வேண்டும்.

கடைசிச் சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். தொல்லை தந்தவரின் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் உறவு உள்ள ஊரில், ஒரு பெண் வாயைத் திறக்கவே அதைவிட அதிக காலம் ஆகும். ஆகவே இந்தக் காலவரம்பு மிகக் குறுகியது. "ஊருக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று பெரியவர்கள் வருவது வழக்கம். சமரசம் செய்துவைக்க வேண்டும் என்று குழுவிடம் கேட்கும் உரிமை புகார் கொடுத்த பெண்ணுக்கு மட்டுமே உண்டு. பணம் கொடுத்து முடிப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை பெண் கேட்டால் இருவரில் ஒருவரை இடம் மாற்றவோ, அந்தப் பெண்ணுக்கு 3 மாதம் வரை விடுப்பு தரவோ குழு பரிந்துரைக்கலாம். நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய்ப் புகார் ஆகிவிடாது. "தப்பான எண்ணத்தோடு செய்யவில்லை" என்ற சாக்கும் நிற்காது: தொல்லை தந்தவரின் நோக்கத்தைவிட, அந்த நடத்தை அந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றியது என்பதே முக்கியம் என்று 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

குழு பெயரளவில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் திண்டுக்கல் காட்டியது. அங்கே ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். குற்றம்சாட்டப்பட்டவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியதில், 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமும் அங்கே துணி வாங்கிய நிறுவனமும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகத் தளத்தில் நிற்பதும், புகார் கொடுத்தவரைப் பழிவாங்கத் தடை விதித்ததும் அதன் உயிர்நாடியாக இருந்தன.

பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ஆனால் இழிவு பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். திருச்சி மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலக அறைக்குள் நடந்த சம்பவத்தில், சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்பதால் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அந்த நேரத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை உடனே குறித்து வைப்பது இதனால்தான் அவசியம்.

மிரட்டல், அவமதிப்பு ஆகியவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351, 352 பிரிவுகளின்படி காவல் நிலையத்தில் முறையிடலாம். கடைகளிலும் நிறுவனங்களிலும் 6 மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தகுந்த காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது என்கிறது 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஒழுங்கீனம் விசாரணையில் நிரூபிக்கப்பட்டால் மட்டும் முன்னறிவிப்பு வேண்டியதில்லை. தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிட்டுவது கடினம். கோபத்திலோ வற்புறுத்தலிலோ கையெழுத்துப் போட்டுவிடுவதால் வரும் இழப்பு பெரிது. அரசு ஊழியருக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ), 17(ஆ) குறிப்பாணை வந்தால், பின்னணியில் யார் இருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருக்காமல், ஆவணங்களின் நகல்களைக் கேட்டு வாங்கிக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

எந்த வழியில் போனாலும் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் என்று அன்றன்றே எழுதிய குறிப்பு பின்னால் பேசும். வாட்ஸ்அப் செய்திகளின் படத்தோடு அவை வந்த போனையும், செய்திகளை அழிக்காமல், வைத்திருக்க வேண்டும். மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்க வேண்டும். தபாலில் அனுப்பினால் ரசீது வேண்டும். விவகாரத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது ஆபத்து: பாலியல் தொல்லைப் புகாரின் விவரங்களை வெளியிடச் சட்டமே தடை விதிக்கிறது, அவதூறு வழக்கும் வரலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே உதவி இலவசம்.