28 பெரியதா, 29 பெரியதா?
இரண்டு ஜோடி வீல் கேட்டு வரும் வாடிக்கையாளரும் சைக்கிள் கடைக்காரரும்

சைக்கிள் மற்றும் உதிரிபாகக் கடை நடத்தும் நமது உறுப்பினர்களிடம் ஒரு சிறு கேள்வி. பழைய கறுப்பு சைக்கிளுக்குப் போடும் 28 இஞ்ச் டயரின் ரிம் பெரியதா, இன்றைய மலைச் சைக்கிளில் வரும் 29 இஞ்ச் டயரின் ரிம் பெரியதா?

29 தான் பெரியது என்று சொல்லத் தோன்றும். சரியான விடை 28. பழைய 28×1½ டயரின் கம்பி போய் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. 29 இஞ்ச் என்று விற்கப்படும் டயருக்கு அதே இடத்தில் விட்டம் 622 மி.மீ. தான். 13 மி.மீ. குறைவு. 27×1¼ என்று வந்துகொண்டிருந்த ரேஸ் சைக்கிள் டயரின் ரிம்கூட 630 மி.மீ. அதுவும் 29-ஐ விடப் பெரியது!

இந்தக் குழப்பத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு மொத்த வியாபாரியிடம் டெலிபோனில் "26 இஞ்ச் டயர் இரண்டு டஜன்" என்று ஆர்டர் சொன்னேன். எனக்கு வேண்டியிருந்தது மலைச் சைக்கிளுக்கான 26×1.95. வந்து இறங்கியது லேடீஸ் சைக்கிளுக்கான 26×1⅜. முன்னதற்கு ரிம் 559 மி.மீ.; பின்னதற்கு 590 மி.மீ. மாட்டிப் பார்த்தால் டயர் வளையல் போலத் தொங்கியது. அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. நான் 26 என்றுதானே சொன்னேன்? பண்டலைப் பிரித்துவிட்டதால் சரக்கைத் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். அந்தச் சரக்கு விற்றுத் தீர ஒன்றரை வருடம் ஆயிற்று.

அன்றிலிருந்து இஞ்ச் கணக்கை விட்டுவிட்டேன். டயரின் பக்கவாட்டில் 56-622, 71-584 என்பது போல இரண்டு எண்கள் சிறியதாக அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண் ரிம்மின் விட்டம். இரண்டும் மில்லி மீட்டரில். இரண்டாவது எண் ஒன்றானால்தான் டயர் அந்த ரிம்மில் உட்காரும். இஞ்ச் எண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு உதாரணம்: 26×1.75, 26×1¾. கணக்கு வாத்தியாரைக் கேட்டால் இரண்டும் ஒன்றே என்பார். ஆனால் தசமப் புள்ளி போட்டது 559 ரிம்முக்கும், பின்னமாக எழுதியது 571 ரிம்முக்கும் உரியவை. ஒன்று மற்றொன்றில் ஏறாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலைச் சைக்கிள் வாங்க வருபவர்களில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "ஒரே சைக்கிளில் இரண்டு அளவு வீல் மாற்றி மாற்றிப் போட முடியுமா?" என்று கேட்கிறார்கள். வார நாட்களில் தார் ரோட்டிலும் மண் பாதையிலும் ஓட்ட ஒரு ஜோடி. ஞாயிற்றுக்கிழமை கல்லும் மணலும் உள்ள பாதைக்குப் பருமனான டயருடன் இன்னொரு ஜோடி. கேட்பது நியாயம்தான். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் போர்க்கும், பின்பக்கம் எந்த ஸ்பிரிங்கும் இல்லாத பிரேமும் கொண்ட 'ஹார்ட்டெயில்' சைக்கிள் இதற்கு ஏற்றது. பின்பக்க அதிர்ச்சியைத் தாங்க டயரின் காற்றைத் தவிர வேறு சாதனம் இல்லாததால், பருமனான டயர் மாட்டியவுடன் அந்த வித்தியாசம் ஓட்டுபவரின் இடுப்புக்கே தெரியும்.

முடியும் என்று சொல்லி முன்பணம் வாங்கிவிட்டு, பிறகு வீல் பொருந்தாமல் நிற்பதுதான் ஆபத்து. டயர் சரக்கு தேங்கினால் நஷ்டம் நமக்கு மட்டும். இதில் வாடிக்கையாளரின் பிரேக்கும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

அளவுகள் வந்த வரலாறு

1970-களில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மரின் கவுண்டியில், டமால்பாயிஸ் மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களை ஓட்டி இறங்கத் தொடங்கினார்கள். 1976-ல் 'ரீபேக்' என்ற பந்தயம் அங்கே தொடங்கியது. அந்தப் பழைய சைக்கிள்களில் 559 ரிம்மும் பலூன் டயரும் இருந்தன. ஜோ பிரீஸ், டாம் ரிச்சி போன்றவர்கள் மலைக்கென்றே பிரேம் செய்ய ஆரம்பித்தபோதும், பருமனான டயர் அந்த ஒரு அளவில்தான் கிடைத்தது. ஆகவே 26 இஞ்ச் நிலைத்தது. ஆராய்ந்து தேர்ந்தெடுத்த அளவு அல்ல அது. கையில் கிடைத்த சரக்கு!

1999-ல் 622 ரிம்முக்குப் பருமனான மலை டயர் வந்தது. அதுவே 29 என்று பெயர் பெற்றது. பிரான்சு நாட்டில் பழங்காலத்திலிருந்து இருந்த 584 ரிம்முக்குப் பின்னால் 27.5 என்று புதுப்பெயர் சூட்டினார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்ற குல்ஹாவி 29-லும், வெள்ளி வென்ற நினோ ஷுர்டர் 27.5-லும் ஓட்டினார்கள். விலை உயர்ந்த சைக்கிள்களில் 26-ன் காலம் அத்துடன் முடிந்தது எனலாம். குறைந்த விலைச் சைக்கிள்களில் அது இன்றும் வருகிறது; ஆகவே 559 டயரை நாம் கடையிலிருந்து எடுத்துவிட வேண்டியதில்லை.

எந்த இரண்டு அளவு ஒத்துப்போகும்?

கடையில் அடிக்கடி மறந்துபோவது ஒன்று உண்டு. ரிம் வேறாக இருக்கலாம். டயருடன் சேர்த்த வெளிவிட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கணக்கு எளிது. டயரின் உயரம் கிட்டத்தட்ட அதன் அகலத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். 29×2.2 டயர் என்றால் அகலம் 56 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 112. 622-உடன் கூட்டினால் 734. 27.5×2.8 என்றால் அகலம் 71. இரு மடங்கு 142. 584-உடன் கூட்டினால் 726. வித்தியாசம் 8 மி.மீ. தான். அதாவது சைக்கிள் 4 மி.மீ. தாழும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

அதே சைக்கிளில் 27.5×2.25 மாட்டினால் வெளிவிட்டம் 698. பெடல் மட்டம் 18 மி.மீ. தாழும். 26×2.2 மாட்டினால் 671 தான், 31 மி.மீ.க்கு மேல் தாழும். ஒன்றேகால் இஞ்ச்! வளைவில் பெடல் கல்லில் இடித்து ஆள் தூக்கி எறியப்படுவார். "ரிம் உள்ளே போகிறது, டிஸ்க் பிரேக் பிடிக்கிறது, அப்புறம் என்ன?" என்று கேட்கும் மெக்கானிக்கிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். ஆகவே 29 சாதாரண டயர், 27.5 பருமன் டயர் என்பதே நல்ல ஜோடி. சான்டா க்ரூஸ் நிறுவனம் 2017-ல் கொண்டுவந்த கமீலியன் போன்ற ஹார்ட்டெயில் பிரேம்கள் இந்த இரண்டு அளவையும் மனதில் வைத்தே செய்யப்பட்டவை.

டிஸ்க் பிரேக் இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் பிரேக் கட்டை உட்காரும் உயரம் பிரேமிலேயே நிர்ணயமாகிவிடுகிறது. 622-லிருந்து 584-க்கு மாறினால் ரிம் 19 மி.மீ. உள்ளே போய்விடும், கட்டை எட்டாது. டிஸ்க் தட்டு ஹப்பில் இருப்பதால் ரிம் எந்த அளவானாலும் அதற்குக் கவலையில்லை.

பிரேமில் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் ஆர்டர் எடுக்காதீர்கள். பின் வீலின் இருபுறமும் போகும் கம்பிகளுக்கு நடுவே, டயரின் அகலம் போக ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ.யாவது மிச்சம் வேண்டும். மழைக்காலத்தில் சேறு அப்பினால் அந்த 6 மி.மீ. கூடப் போதாது. முன்பக்கம் போர்க்கை முழுக்க அழுத்தினாலும் டயர் போய் முட்டக்கூடாது. ஒவ்வொரு போர்க்குக்கும் அதிகபட்ச டயர் அளவைத் தயாரிப்பாளரே குறிப்பிட்டிருப்பார். அகலமான டயருக்கு ரிம்மும் அகலமாக இருக்க வேண்டும். 2.8 டயருக்கு ரிம்மின் உள் அகலம் 35 முதல் 40 மி.மீ.; 2.2-க்கு 25 முதல் 30 போதும். ஒடுங்கிய ரிம்மில் பருமன் டயரை மாட்டிக் காற்றைக் குறைத்தால் வளைவில் டயர் புரளும். 2.8 டயரில் 15 முதல் 20 பவுண்டு காற்றுத்தான் வைப்பது வழக்கம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நமது பழக்கத்தில் 40 பவுண்டு அடித்துக் கொடுத்தால் அந்த டயருக்குக் கொடுத்த பணம் அத்தனையும் வீண்.

ஹப்பில்தான் சிக்கல்

இரண்டு ஜோடி வீலிலும் ஹப் ஒரே வகையாக இருக்க வேண்டும். பழைய வகையில் முன்பக்கம் 100 மி.மீ., பின்பக்கம் 135 மி.மீ., குயிக் ரிலீஸ் ஆக்சில். அடுத்து வந்தது திருகி நுழைக்கும் தடித்த ஆக்சில்: முன்னால் 15 மி.மீ. பருமனில் 100, பின்னால் 12 மி.மீ. பருமனில் 142. அதற்கும் அடுத்தது 'பூஸ்ட்' எனப்படும் 110-ம் 148-ம். 142-க்கும் 148-க்கும் 6 மி.மீ. தானே என்று நினைக்க வேண்டாம். டிஸ்க் தட்டின் இடமும் கேசட்டின் இடமும் சேர்ந்தே 3 மி.மீ. நகர்ந்துவிடுகின்றன.

கேசட் மாட்டும் உருளையும் மூன்று விதமாக வருகிறது. ஷிமானோவின் பழைய ஹெச்.ஜி.யில் 11 பல் சக்கரம்தான் மிகச் சிறியது, ஸ்ராமின் எக்ஸ்.டி.யும், 2018-ல் வந்த ஷிமானோ மைக்ரோ ஸ்பிளைனும் 10 பல் வரை ஏற்கும். ஒன்றின் கேசட் மற்றொன்றில் ஏறாது. டிஸ்க் தட்டு ஆறு போல்ட்டா, நடு லாக்கா என்பது வீலுக்கு வீல் மாறினாலும் பாதகமில்லை. தட்டின் விட்டம் மட்டும் இரண்டிலும் ஒன்றாக வேண்டும். முதல் ஜோடியில் முன்பக்கம் 180 என்றால் இரண்டாவதிலும் 180.

ஹப் கம்பெனி வேறானால் தட்டு ஒரு நூலளவு உள்ளேயோ வெளியேயோ நிற்கும். வீல் மாற்றும்போதெல்லாம் உரசும். ஆறு போல்ட் தட்டுக்கு அடியில் போடுவதற்கு 0.2 மி.மீ. தகடுகள் கிடைக்கின்றன. முதல் வீலுக்குக் காலிபரைச் சரிசெய்துவிட்டு, இரண்டாவது வீலில் தகடு போட்டு அதே இடத்துக்குக் கொண்டுவருவதே முறை. ஒவ்வொரு தடவையும் காலிபரைத் தளர்த்திக் கொடுப்பது வேலை தெரிந்தவர் செய்கிற காரியமல்ல. இரண்டு ஜோடிக்கும் ஒரே ஹப்பை வாங்கிக் கட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. ஸ்போக்ஸ் மட்டும் நீளம் மாறும். ஒரே ஹப்பில் 622-க்கும் 584-க்கும் ஏறக்குறைய 19 மி.மீ. வித்தியாசம் வரும். ஒன்றுக்கு வாங்கிய கட்டை மற்றொன்றுக்கு எடுத்துவிடாமல் தனித்தனியே பேர் எழுதி வைக்கவும்.

செயினைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஜோடியை ஆறு மாதம் ஓட்டிவிட்டு, புதுக் கேசட் உள்ள மறு ஜோடியை மாட்டினால் நீண்டுபோன செயின் பல்லில் தாவும். இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. புதுச் செயினில் 12 முழுக் கண்ணிகள் சரியாக 12 இஞ்ச் இருக்கும். இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்க்கையில் 12-ஐத் தாண்டி பதினாறில் ஒரு இஞ்ச் கூடினால் செயினை மாற்றிவிட வேண்டும். செயின் போனால் கொஞ்சம் பணம்; இரண்டு கேசட் போனால் நிறையப் பணம்.

இத்தனையும் கூட்டிப் பார்த்தால் இரண்டாவது ஜோடி என்பது வெறும் ரிம்மும் டயரும் அல்ல. ஹப், கேசட், தட்டு என்று எல்லாமே இரண்டிரண்டு. என்னிடம் கேட்பவர்களில் பலருக்கு நான் சொல்வது, ஒரே ஜோடி 29 வீலும், ரோட்டுக்கு ஒன்று, பாதைக்கு ஒன்று என இரண்டு ஜோடி டயரும் போதும் என்பதே. வியாபாரம் குறைகிறதே என்று என் மகன் முகம் சுளிப்பான். மாதம் இரண்டு முறைக்கு மேல் மாற்றி ஓட்டுபவருக்குத்தான் இரண்டாவது ஜோடி உபயோகப்படும். மற்றவர்களுக்கு அது வீட்டுப் பரணில் கிடக்கும். கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நம் கடை ஞாபகத்துக்கு வரும், நல்லவிதமாக அல்ல.

சரக்கு வைப்பதிலும் இதே யோசனை வேண்டும். 27.5 பருமன் டயர் 2015-ஐ ஒட்டி மிகவும் பேசப்பட்டது. பிறகு அந்த வேகம் தணிந்து, புது மாடல்கள் பெரும்பாலும் 29-க்கே போய்விட்டன. ஆகவே 71-584 டயரை முன்பணம் வாங்கிக்கொண்டு தருவிப்பதே உத்தமம். 559-லும் 622-லும் மட்டும் தாராளமாகக் கையிருப்பு வைக்கலாம். மொத்த வியாபாரிக்கு ஆர்டர் எழுதும்போதும், வாடிக்கையாளருக்குப் பில் போடும்போதும் இஞ்ச் எண்ணுடன் அந்த மில்லி மீட்டர் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். "27.5×2.8, 71-584" என்று பில்லில் இருந்தால் மாற்றித் தரச் சொல்லி வரும் வழக்குப் பாதி குறையும்.

டெலிவரி கொடுக்கும் அன்று இரண்டு ஜோடியையும் மாட்டிக் காட்டி, வாடிக்கையாளர் கையாலேயே ஒரு தடவை மாற்றச் சொல்லுங்கள். தட்டிலோ பேடிலோ எண்ணெய்க் கை படக்கூடாது என்பதை அப்போதே சொல்லிவிடலாம். ஆயில் பிரேக் ஆனால், வீல் கழற்றியிருக்கும்போது பிரேக் லீவரை அழுத்தவே கூடாது. அழுத்தினால் பேட் இரண்டும் நெருங்கிவிடும், தட்டு உள்ளே நுழையாது. பேடுகளுக்கு இடையே செருகி வைக்கப் பிளாஸ்டிக் கட்டை ஒன்று புது பிரேக்குடன் வரும். அதைக் குப்பையில் போடாமல் பில்லோடு சேர்த்துக் கவரில் போட்டுக் கொடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் லீவரை அழுத்தாமல் இருக்க மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு நமக்குத்தான் போன் வரும்.