அறம் எங்கிருந்து வந்தது?



“சாமி கும்பிடாத பிள்ளை உருப்படுமா?” என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. “மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று படித்தால், பிள்ளைகள் குரங்கு போலத்தானே நடக்கும்?” என்று அஞ்சுவோரும் உண்டு. பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில் பிறந்த கேள்விகள் இவை. ஆகவே, ஒழுக்கம் சமயம் தந்ததா, இயற்கை தந்ததா என்பதைச் சற்றுப் பொறுமையாக ஆராய்வோம்.

இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று பரிணாமக் கொள்கை கூறவில்லை. மிக நெடுங்காலத்திற்கு முன் இரண்டுக்கும் பொதுவான முன்னோர் இருந்தனர் என்றே கூறுகிறது. அக்கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வின், 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நம் கேள்வியையே எடுத்துக்கொண்டார். கூட்டமாக வாழும் உயிர்களிடம் ஒன்றன்மேல் ஒன்றுக்குப் பரிவு உண்டு. ஒருவருக்கொருவர் உதவும் கூட்டம் பிழைத்துப் பெருகும். அந்தப் பரிவோடு நினைவாற்றலும் அறிவும் சேர்ந்தால், நேற்றுச் செய்த தீங்கை எண்ணி இன்று மனம் உறுத்தும். மனச்சாட்சி இவ்வாறு தோன்றியிருக்கலாம் என்பது அவர் விளக்கம்.

இதற்குச் சான்று உண்டா? இரத்தம் குடித்து வாழும் ஒருவகை வௌவால் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் அது இறந்துபோகும். பசியோடு திரும்பிய வௌவாலுக்கு, வயிறு நிறைந்த வௌவால் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுகிறது. கோஸ்டா ரிக்கா நாட்டில் இதைக் கண்டறிந்த ஜெரால்ட் வில்கின்சன், 1984இல் எழுதி வெளியிட்டார்.

2003இல் வெளிவந்த மற்றோர் ஆய்வைப் பாருங்கள். சாரா பிராஸ்னன், பிரான்ஸ் டி வால் ஆகிய இருவரும் கப்பூச்சின் என்னும் குரங்குகளுக்கு ஒரு சிறு வேலை கொடுத்து, வெள்ளரித் துண்டைக் கூலியாகத் தந்தனர். பக்கத்துக் குரங்குக்கு அதே வேலைக்குத் திராட்சை கிடைப்பதைக் கண்டதும், பல குரங்குகள் வெள்ளரியை வாங்க மறுத்தன. சில அதை வீசியும் எறிந்தன! ஒரே வேலைக்கு இரண்டு விதக் கூலி என்றால் நமக்கு எப்படி இருக்கும்? நீதி உணர்வின் வித்து இதுவே என்பர் சிலர். இதை ஏற்காத அறிஞர்களும் உளர்.

அப்படியானால் சமயம் வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். வௌவால் பெரும்பாலும் தன் உறவுக்கும் தனக்குப் பழகியதற்கும்தான் ஊட்டுகிறது. இயற்கை தந்த பரிவின் எல்லை சிறியது. முன்பின் அறியாதவனுக்கும் சோறிடு, ஏழைக்கு உன் பொருளில் பங்கு கொடு என்று அந்த எல்லையை விரித்தவற்றுள் சமயங்களுக்குப் பெரும் இடம் உண்டு. கோயில் அன்னதானமும், இஸ்லாமியரின் ஜக்காத்தும், கிறிஸ்தவரின் அறப்பணிகளும் இதற்குச் சாட்சி. மேலும், வலியது எளியதைக் கொல்வதும் இயற்கைதான். இயற்கையில் உள்ளதெல்லாம் அறமாகிவிடாது.

அதுபோலவே, சமயத்தின் பெயரால் நடப்பதெல்லாமும் அறமாகிவிடாது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கக் கூடாது என்பது வழக்கமாக இருந்தது. 1924இல் அதை எதிர்த்துப் போராட்டம் எழுந்தது, பெரியார் ஈ.வெ.ரா. அதில் கலந்துகொண்டு சிறை சென்றார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், தடுக்கப்பட்ட மக்களை அ. வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றார். கடவுள் மறுப்பாளரான பெரியாரும், கோயிலை நாடியவர்களும் ஒரே கொடுமையைக் கொடுமை என்று கண்டனர். எந்த அளவுகோலால் கண்டனர்? சக மனிதனின் வேதனையை உணரும் நெஞ்சத்தால் அல்லவா?

ஆகவே, வித்து இயற்கையுடையது என்றும், அதற்கு நீரூற்றி வேலி கட்டியவற்றுள் சமயமும் ஒன்று என்றும் கொள்வது பொருத்தமாகும். வேலியே பயிரை மேயாமல் பார்த்துக்கொள்வது நம் அறிவின் வேலை. நம் தமிழ்ப் பள்ளிகளில் நடக்கும் நன்னெறிக் கல்வி வகுப்பில் இந்துப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் ஒரே பாடத்தைப் படிக்கின்றனர். உண்மையும் அன்பும் இருவருக்கும் பொதுவாகவே இருக்கின்றன.

தாய்மார்களே, தந்தைமார்களே! “பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்” என்று பிள்ளையிடம் சொல்கிறோம். சாமி குத்தவில்லை என்பதை அது ஒரு நாள் கண்டுகொள்ளும். அன்றைக்கு அதன் கையில் என்ன மிஞ்சும்? “நீ அடித்தாயே, அந்தப் பிள்ளைக்கு எப்படி வலித்திருக்கும்?” என்றும் சேர்த்துக் கேட்டுப் பழகுவோம். கோயிலுக்கு அழைத்துச் செல்வோர் செல்லுங்கள். இந்தக் கேள்வியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். யாரும் பார்க்காத இடத்திலும் அது பிள்ளைக்குத் துணை நிற்கும்.