முதுகில் ஒரு சின்னக் குழாய்

"ஸ்கேனா? எனக்கெதுக்கும்மா ஸ்கேன்? இந்த வயசுல நான் என்ன புள்ளையா பெத்துக்கப் போறேன்?"

பாகூரில் இருக்கும் என் பெரியம்மா இப்படித்தான் கேட்டாள். ஸ்கேன் என்றாலே கர்ப்பிணிகளுக்கு என்று நம் கிராமத்துப் பெண்கள் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். மூன்று நாளாக வலது விலாவுக்குக் கீழே குத்துவலி. உடம்பைத் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல். "சூடு பிடிச்சிருக்கு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய், வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி எல்லாம் ஆயிற்று. பக்கத்து ஊர் மருந்தகம் ஒன்றில் ஊசி போட்டுக் கொண்டு, மறுநாளே நடவுக்கும் போய்விட்டாள்!

வாழைத்தண்டின் மேல் எனக்கு விரோதமில்லை. ஆனால் பக்கவலியோடு நடுக்கும் காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் அது கைவைத்தியத்துக்கான நேரமல்ல, சகோதரிகளே. நான்காம் நாள் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயில் கல் அடைத்திருந்தது. மேலே தேங்கிய நீர் சீழாகிக் கொண்டிருந்தது. "இன்னைக்கே முதுகு வழியா டியூப் போட்டு வடிக்கணும்" என்றார் டாக்டர்.

பாகூர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஏரி நிரம்பி மதகு அடைத்துக் கொண்டால் கரை தாங்குமா? சிறுநீரகமும் அப்படித்தான் வீங்கும். அதில் கிருமியும் சேர்ந்துவிட்டால் ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து. அடைப்புக்கு மேலே தேங்கிய நீரில் மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. ஆகவே முதலில் வடிய விட வேண்டும். கல்லைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். சிலருக்குக் கீழ்வழியாகவே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்துவிடுவார்கள். அது முடியாத இடத்தில் முதுகு வழி. கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிச் சிறுநீர்க் குழாய்களை நெரிக்கும்போதும் இந்த வடிகால் தேவைப்படுவதுண்டு.

முறை புதிதல்ல. 1955லேயே அமெரிக்காவில் குட்வின் என்ற டாக்டரும் அவர் சகாக்களும் வீங்கிய சிறுநீரகத்தை ஊசியால் குத்தி வடித்ததை எழுதியிருக்கிறார்கள். எழுபதுகளில் அல்ட்ராசவுண்ட் வந்த பிறகு ஊசி போகும் பாதையைத் திரையில் பார்த்துக் கொண்டே குத்த முடிந்தது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்வார்கள். ரத்தக் குழாய்கள் குறைவான பின்பக்கமாக ஊசி போகும். ஊசி வழியே ஒரு மெல்லிய கம்பி, கம்பி மேல் குழாய். குழாயின் கனம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவுதான். அதன் நுனி பன்றி வால் மாதிரி உள்ளே சுருண்டு கொள்வதால் எளிதில் நழுவாது.

குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா? சாதாரண ஸ்கேனில் இது சில சமயம் தெளிவாகத் தெரியாது. அதனால் அயோடின் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பது வழக்கம். இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. அதுதான் நுண்குமிழி!

இதன் பிறப்பே ஒரு வேடிக்கை. 1968ல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் கிராமியாக், ஷா என்ற இருவர் இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்துக் கொண்டிருந்தபோது, குழாய் வழியாக ஏற்றிய திரவம் திரையில் மேகம் போலப் பளிச்சிட்டது. அதிலிருந்த சின்னக் காற்றுக் குமிழிகளே காரணம். இன்று அதற்கென்றே குமிழி மருந்து வந்துவிட்டது. கொழுப்புப் படலத்துக்குள் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயு; ஒவ்வொன்றும் சிவப்பணுவை விடச் சிறியது. ரத்தத்தில் ஏற்றினால் வாயு மூச்சோடு வெளியே போய்விடும். சிறுநீரில் கலப்பதில்லை, எனவே சிறுநீரகத்துக்குச் சுமையில்லை. ஒவ்வாமை அபூர்வமாக வரலாம்.

சிறுநீரில் கலக்காத மருந்து இங்கே எப்படி உதவும் என்று கேட்கிறீர்களா? ரத்தத்தில் அல்ல, அந்த ஊசி அல்லது குழாய் வழியாகவே சில சொட்டுகளை உப்புநீரில் கலந்து விடுகிறார்கள். குழாய் சரியாக உட்கார்ந்திருந்தால் சிறுநீரகத்தின் உட்கிண்ணம் முழுக்க வெண்மையாக ஒளிரும். வெளியே கசிந்தால் அதுவும் தெரியும். கீழே பை வரை இறங்குகிறதா, நடுவழியில் நின்றுவிடுகிறதா என்று பார்த்தால் அடைப்பு இருக்குமிடமும் புரியும். சிறுநீரகச் சதையிலேயே சீழ்க்கட்டி இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது ரத்தத்தில் ஏற்றுவார்கள். ரத்தம் ஓடாத சீழ்ப்பகுதி கறுப்பாகத் தனித்து நிற்கும்.

எக்ஸ்ரே கதிர் இல்லை என்பது கர்ப்பிணிகளை நினைக்கும்போது பெரிய விஷயம். ஆனாலும் அவர்களுக்கு இந்த மருந்து வேண்டுமா என்பதை டாக்டர்தான் எடைபோட வேண்டும். படுக்கையருகிலேயே பார்த்துவிடலாம் என்பது இன்னொரு சௌகரியம். ஆனால் எல்லா இடத்திலும் இந்தக் குமிழி மருந்து கிடைப்பதில்லை. அது இல்லையே என்று குழாய் போடுவதைத் தள்ளிப் போடவும் கூடாது. பெரியம்மாவுக்குச் சாதாரண ஸ்கேனிலேயேதான் முடித்தார்கள்.

இனி வீட்டில் என்ன கவனிப்பு? பை எப்போதும் சிறுநீரக மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். படுக்கும்போது குழாய் மடங்கக் கூடாது, இழுபடக் கூடாது. முதல் ஓரிரு நாள் நீர் லேசாகச் சிவந்து வரலாம்; கெட்டியான ரத்தம் வந்தாலோ, பை திடீரென்று வறண்டாலோ, மீண்டும் குளிர்காய்ச்சல் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துப் பெண்களுக்குக் கோரிமேட்டு ஜிப்மர் இருப்பது ஓர் ஆறுதல். குழாய் பல மாதம் இருக்க வேண்டியிருந்தால் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வெட்கம்தான் பெரியம்மாவுக்குப் பெரிய நோயாக இருந்தது. "மூத்திரப் பையைத் தூக்கிக்கிட்டு எப்படிடி தெருவுல போவேன்?" என்று அழுதாள். பழைய புடவைத் துணியில் சுருக்குப் பை ஒன்று தைத்து, பாவாடை நாடாவில் இடுப்புக்குக் கீழே தொங்கும்படி கட்டிக் கொடுத்தேன். மேலே புடவை வந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்து கொண்டேன். காலையில் வயலுக்குப் போனால் மாலை வீடு திரும்பும்வரை அவள் தண்ணீரே குடிப்பதில்லையாம். "குடிச்சா ஒதுங்கணுமே, அங்க மறைவு ஏது?" அடக்கி அடக்கியே முப்பது வருஷம்! கல் வராமல் என்ன செய்யும்?

ஆறு வாரம் கழித்துக் கல்லை எடுத்தார்கள், குழாயும் போயிற்று. இப்போது நடவுக்குப் போகும்போது இரண்டு லிட்டர் பாட்டில் கூடவே போகிறது. வரப்போரத்தில் நான்கு கழி நட்டு, பழைய படுதாவால் ஒரு மறைப்பும் கட்டியிருக்கிறார்கள். கட்டச் சொன்னது பெரியம்மாதான்.