வசைச் சொல்லும் போலீஸாரும்

பழவேற்காட்டில் 2018 மே மாதம் நடந்த கொடுமையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப் மூலம் பரவிய பொய்யை நம்பி, ஊர் பேர் தெரியாத ஓர் ஏழையை ஜனக்கூட்டம் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அதே சமயத்தில் திருவண்ணாமலை ஜில்லாவில், கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக உயிரிழந்தார். இத்தகைய பொய்யைப் பரப்புவோர் விஷயத்தில் போலீஸார் தலையிடலாகாது என்று யார் சொல்வார்? இன்னும் முன்னதாகத் தலையிடவில்லையே என்பதுதான் நமது குறை.

ஆனால் போலீஸாரின் சுறுசுறுப்பு பெரும்பாலும் வேறு திசையிலன்றோ செல்கிறது! 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு குடும்பமே திருநெல்வேலி கலெக்டர் காரியாலயத்தில் தீக்குளித்து மாண்டது. அதிகாரிகளையும் முதல் மந்திரியையும் இடித்துக் கேலிச் சித்திரக்காரர் பாலா ஒரு படம் வரைந்து பேஸ்புக்கில் வெளியிட்டார். கலெக்டர் புகார் செய்தார். நெல்லைப் போலீஸார் சென்னைக்கே வந்து சித்திரக்காரரைக் கைது செய்தார்கள். படம் ஆபாசமானது என்பார் சிலர். இருக்கட்டும், அதனால் எவருடைய உயிருக்கு ஆபத்து நேர்ந்தது? 2021-இல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அவ்வழக்கை ரத்துச் செய்தது. அவ்வருஷமே மற்றொரு வழக்கும் அங்கு ரத்தாயிற்று. சிறுமலைக்கு உல்லாசமாகச் சென்றவர், துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதாக வேடிக்கையாக எழுதியதே அவர் செய்த குற்றம்! வாடிப்பட்டிப் போலீஸாருக்கு நகைச்சுவை எட்டவில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மனம் நோகும்படி எழுதுவோரைச் சிறைக்கனுப்ப வழிசெய்த 66-ஏ பிரிவைச் சுப்ரீம் கோர்ட்டு 2015 மார்ச் 24-ஆம் தேதி செல்லாதென்று தள்ளிவிட்டது. அதன் பின்னரும் போலீஸார் அப்பிரிவில் வழக்குப் பதிந்துவந்தது கண்டு, 2021-இல் அக்கோர்ட்டே திகைப்புத் தெரிவித்தது. எழுத்தையும் பேச்சையும் திடசித்தமுள்ளவரின் அளவுகோலால் அளக்க வேண்டுமே தவிர, எதற்கும் வெகுளும் கோழை மனத்தால் அன்று என்று 2025 மார்ச்சிலும் அது சொல்லியிருக்கிறது. மானநஷ்டம் அடைந்தவருக்கு மாஜிஸ்திரேட்டின் வாசல் திறந்திருக்கிறது. வாரண்டின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமன்று அது.

பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு இது ஏட்டு விவகாரமன்று. அதானி கம்பெனியார் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விஸ்தரித்தால் கடற்கரை அரிக்கும், ஏரியின் முகத்துவாரம் கெடும், பாடு விழும் இடம் போய்விடும் என்று மீனவர்கள் அஞ்சுகிறார்கள். இது பற்றி ஜனங்களின் அபிப்பிராயம் கேட்க 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் குறித்த கூட்டங்கள் இரண்டும் தள்ளிவைக்கப்பட்டன. கூட்டத்தில் சொல்லவேண்டியதைக் கைபேசியில் சொல்வதன்றி அவர்களுக்கு வேறு மேடை ஏது? வலை காயும் குடிசையிலிருந்து எழும் சொல் வக்கீல் நோட்டீஸின் மரியாதையோடு வராது. அதிகாரியையும் மந்திரியையும் ஏகவசனத்தில்தான் ஏசும். அதற்கெல்லாம் ஸ்டேஷனுக்கு அழைப்பதென்றால் மீனவன் வாயைத் திறப்பானா?

திருவள்ளூர் ஜில்லாப் போலீஸ் தலைவர் தமது ஸ்டேஷன்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பட்டும். கொலைவெறி மூட்டும் வதந்தி கிளம்பினால் அந்த மணி நேரத்திலேயே குப்பம் குப்பமாக ஒலிபெருக்கியுடன் ஆள் செல்லவேண்டும். தம்மை வைதான் என்று புகார் கொண்டுவரும் பெரிய மனிதருக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வழி காட்டி அனுப்பவேண்டும்.